நடப்பவர்களுக்கு அனுமதி இல்லை

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாத பொழுதில் தேன்கல் பூங்காவின் மேல்வாசலில் மூன்று சைக்கிள்கள் வந்து நின்றன. பால்காரர் மிதிக்கும் சைக்கிள் என்று நினைத்துவிடாதீர்கள். தடித்த டயர், முன்சக்கரத்தில் மேடுபள்ளத்தைத் தாங்கும் ஸ்பிரிங், மலைச்சரிவில் இறங்குவதற்கென்றே செய்தவை. ஓட்டி வந்த மூவரும் முழங்காலுக்கும் முழங்கைக்கும் கவசம் கட்டி, தலையில் ஹெல்மெட் மாட்டி, சண்டைக்குப் போகிறவர்களைப் போல இருந்தார்கள். சண்டை வாசலிலேயே காத்திருந்தது. போன வாரம்வரை வெறும் இரண்டு கல்தூண்கள் நின்ற இடத்தில் பெயின்ட் வாசனை போகாத புது இரும்பு கேட் நின்றது, அதில் ஒரு பெரிய பூட்டும் தொங்கியது.

பெயர்தான் பூங்கா. உண்மையில் அது ஊராட்சிக்குச் சொந்தமான ஒரு மலைச்சரிவு. மேலே தார் ரோடும் பஸ் நிறுத்தமும், கீழே தேன்கல்பட்டி என்கிற சின்ன மலைக்கிராமம். நடுவில் சில்வர் ஓக் மரங்களுக்குள் வளைந்து வளைந்து இறங்கும் ஒற்றையடிப் பாதை. ஏற்காட்டைச் சுற்றி எத்தனையோ சரிவுகள் உண்டு. ஆனால் சைக்கிளில் இறங்க இதைப் போல ஒரு பாதை இந்த மலையிலேயே கிடையாது என்று அந்த மூவரும் அடித்துச் சொல்வார்கள்.

மூவரும் சேர்ந்து வைத்திருந்த சைக்கிள் கிளப்புக்குத் தலைமை சிவரஞ்சனி. சேலம் அம்மாபேட்டையில் பிறந்தவள். ஏற்காட்டில் ஒரு விடுதியின் வரவேற்பில் வேலை, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே வாடகை வீடு, ஓட்டுரிமையும் இந்த ஊராட்சியில்தான். மற்ற இருவரில் லோகேஷ் பேக்கரி வைத்திருப்பவன். ஷெர்வின் கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர்.

தகரக் கொட்டகையிலிருந்து டீ கிளாஸோடு ஒருவர் வெளியே வந்தார். பூங்காவைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனியின் மேனேஜர் தங்கராஜ்.

"ஏனுங்க, யாரக் கேட்டு இந்த கேட்டப் போட்டீங்க?" என்றாள் சிவரஞ்சனி.

"ஊராட்சியக் கேட்டுத்தானுங்க மேடம். இனிமே இங்க ஜீப் சவாரி, கயித்துல தொங்கிட்டுப் போறது எல்லாம் வருது. இந்தப் பாதைய அகலப்படுத்தி ஜீப்பு விடப் போறோம். சைக்கிளுக்கு எடமில்லீங்க."

"இது பொதுவழிங்க. யாரும் அடைக்க முடியாது."

தங்கராஜ் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, கல்தூணின் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தப் போர்டக் கொஞ்சம் படிங்க."

படிக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பலகையை வைத்தவர்களே அவர்கள்தான். 'சனி, ஞாயிறு காலை வேளையில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு மட்டும். நடப்பவர்களுக்கு அனுமதி இல்லை.' ஷெர்வின் தன் அழகான கையெழுத்தில் எழுதியது. இதே போல ஒன்று கீழ்வாசலிலும் இருந்தது.

"நடக்கறவனுக்கே அனுமதி இல்லாதது எப்படிங்க பொதுவழியாகும்? அது வெளையாட்டு மைதானம். மைதானத்த யாருக்கு வேணாலும் குத்தகைக்கு விடலாம். குத்தகை எடுக்கறப்ப, ஊர்க்காரங்க இதுல நடக்கறாங்களான்னு ஆபீசர் கேட்டாரு. இந்தப் போர்டத்தான் போட்டோ எடுத்துக் காட்டுனோம். நீங்க செஞ்ச உதவிய மறக்க மாட்டோமுங்க" என்றார் தங்கராஜ்.

லோகேஷ் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

அந்தப் பலகை வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதான் ஏற்காட்டில் சந்தை. தேன்கல்பட்டிக்காரர்கள் கொய்யா, அவரை, மிளகு என்று விளைந்ததைத் தலையில் ஏற்றிக்கொண்டு இந்தப் பாதையில் ஏறி வந்து பஸ் பிடிப்பார்கள். ஏறுகிற ஆள் வளைவுக்கு முன்னால் "ஓஓஓய்" என்று நீளமாக ஒரு குரல் கொடுப்பார். சுமை வருகிறது, வெறுங்கையோடு வருகிறவர் ஒதுங்கி நில்லுங்கள் என்று அர்த்தம். அந்த மலையில் நடக்கிற எல்லோருக்கும் இது தெரியும். லோகேஷுக்குத் தெரியாது. போன வருஷம் மழை முடிந்த சமயம், மேலிருந்து பாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தவன் காதில் அந்தக் குரல் விழுந்தது. யாரோ தன்னை உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்து இன்னும் இரண்டு மிதி வேகமாக மிதித்தான். வளைவில் நின்றிருந்தது ஆராயி, தலையில் ஒரு கூடை கொய்யாவோடு.

கூடை பள்ளத்தில் உருண்டது. ஆராயிக்குத் தோள்பட்டை பிசகிப்போய், அந்தப் பருவம் முழுவதும் சுமை தூக்க முடியவில்லை. அவள் ஆத்திரத்தில் நாலு வார்த்தை திட்டினாள். திட்டாமல் கொஞ்சவா செய்வாள்? ஆனால் நம் சைக்கிள்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பாதையில் ஆட்கள் குறுக்கே வருவது ஆபத்து, பாதுகாப்பு வேண்டும் என்று ஊராட்சித் தலைவரைப் பார்த்துப் பேசினார்கள். படித்தவர்கள், வணக்கம் சொல்லி நயமாகப் பேசத் தெரிந்தவர்கள். தலைவர் தலையாட்டினார், பலகை வந்துவிட்டது. சந்தைக்குப் போகிற அதே நாளில் சந்தைக்காரர்களுக்கு வழி இல்லை. தார் ரோட்டைச் சுற்றி நடந்தால் முதல் பஸ் போய்விடும். அடிபட்டவள் ரோட்டைச் சுற்ற, இடித்தவன் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தான். இதில் தப்பு இருப்பதாக அந்த மூவரில் ஒருவருக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை.

பூட்டிய கேட்டைப் பார்த்ததும் ஷெர்வினுக்கு ஒரு யோசனை வந்தது. "ஊர்க்காரங்கள வரச் சொல்லலாம். இது எங்க வழின்னு அவங்க சொன்னா ஊராட்சியால தட்ட முடியாதுல்ல?"

தார் ரோட்டைச் சுற்றிக் கீழே போனார்கள். சைக்கிளில் போகவே நேரம் பிடித்தது. இதே தூரத்தைத் தலையில் சுமையோடு நடந்தால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் சிவரஞ்சனிக்கு அப்போதுதான் முதல்முறையாக வந்தது.

ஆராயி வாசலில் உட்கார்ந்து அவரைக்காயை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டிய வயது, யாருக்கும் பயப்படாத வாய். வந்தவர்களில் லோகேஷை அவள் கண் முதலில் கண்டுபிடித்தது.

"வாங்க சாமி. இன்னைக்கு யாரு மேல ஏத்தறதா உத்தேசம்?"

லோகேஷ் சிவரஞ்சனியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"அக்கா, பாதைய அடைச்சுட்டாங்க. ஜீப்பு விடப் போறாங்களாம். நீங்க எல்லாரும் வந்து இது பொதுவழின்னு சொன்னீங்கன்னா..." என்று இழுத்தாள் சிவரஞ்சனி.

"எப்பக் கண்ணு அடைச்சாங்க?"

"நேத்து போலக்கா."

"அப்படியா? எங்களுக்கு வருசம் ஒண்ணாச்சே." காயை ஆய்கிற கை நிற்கவில்லை. "எங்களத் தொரத்திப்போட்டு நீங்க ஓட்டுனீங்க. இப்ப உங்களத் தொரத்திப்போட்டு அவன் ஓட்டப் போறான். இதுல எங்களுக்கு என்ன கண்ணு புதுசா நட்டம்?"

"சனி, ஞாயிறு காலைல மட்டும்தானுங்க போர்டு போட்டோம்" என்றான் லோகேஷ் பின்னாலிருந்து.

"சந்தை அன்னைக்கு மட்டும் சோறு திங்காதேன்னா ஆச்சா? மத்த நாள்லயும் உங்காளுங்க மேல வந்து உழுவாங்களோன்னு எங்க புள்ளைங்களே அதுல போறதில்ல. புல்லு மொளைச்சுப் போச்சு. அன்னைக்குத் தோள்ல கட்டுப் போட்டுட்டு ஊட்டுல கெடந்தேனே, எப்படி இருக்கறேன்னு ஒருத்தர் வந்து எட்டிப் பாத்தீங்களா?"

சிவரஞ்சனி சைக்கிளைத் திருப்பினாள். மூவரும் தார் ரோட்டிலேயே மேலே ஏறினார்கள்.

இரண்டு நாள் கழித்துத் தங்கராஜ் விடுதிக்கே வந்துவிட்டார். வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்று, பழைய சிநேகிதரைப் போலச் சிரித்தார்.

"மேடம், நம்மளுக்குள்ள எதுக்கு மனத்தாபம்? மே ஒண்ணாம் தேதி கிராம சபை. குத்தகை விசயம் வருது. அதுல நீங்க எந்திரிச்சு, இந்தப் பாதைய சைக்கிள்காரங்க மட்டுந்தான் பயன்படுத்தறோம், குத்தகைக்கு எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஞாயித்துக்கெழம காலைல ஜீப்ப நிறுத்திட்டு உங்க மூணு பேருக்கும் கேட்டத் தொறந்து விடறேன். வேற சைக்கிள்காரங்க யாரும் வர மாட்டாங்க. பாதை மொத்தமும் உங்களுக்குத்தான். யோசிங்க."

அவள் யோசித்தாள். யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். வாரம் முழுக்க "வாங்க சார், சொல்லுங்க மேடம்" என்று நின்று நின்று முகத்தில் சிரிப்பு காய்ந்துபோகும் வேலை. வெந்நீர் வரவில்லை என்றாலும் அவள்தான் திட்டு வாங்க வேண்டும், மலையில் பனி மூடி காட்சி தெரியவில்லை என்றாலும் அவள்தான். சேலத்துத் தெருக்களில் சைக்கிளை எடுத்தால் 'பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் தேவையா' என்று ஒரு குரலாவது வரும். அந்தச் சரிவில் இறங்கும்போது மட்டும்தான் அவள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. காற்று முகத்தில் அடிக்க, கை பிரேக்கில் இருக்க, அடுத்த வளைவைத் தவிர வேறு எதுவும் மனதில் இருக்காது. அதை இழக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"ஒத்துக்கலாம்க்கா" என்றான் லோகேஷ். அன்று மாலை பேக்கரியில் உட்கார்ந்திருந்தார்கள். "இல்லாட்டி நமக்கும் இல்ல, அவங்களுக்கும் இல்ல. நம்ம பாட்டுக்கு ஓட்டிட்டுப் போவோம். ஆராயியக்காதான் மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிப்போட்டாங்களே."

"அவங்க சொன்னதுல பொய் என்ன இருந்துச்சு?" என்று கேட்டான் ஷெர்வின்.

மூன்று பேருக்கு மட்டும் என்று தங்கராஜ் சொன்னபோது சிவரஞ்சனிக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பலகை வைத்த அன்றும் இதே சந்தோஷம்தான் வந்தது என்பது இப்போது ஞாபகம் வந்து அவளைச் சுட்டது.

மே தினத்தன்று பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டுக் கிராம சபை கூடியது. கூட்டம் அதிகம். குத்தகை வந்தால் வேலை கிடைக்கும் என்று சிலர், பஞ்சாயத்துக்கு வருமானம் என்று சிலர். தேன்கல்பட்டிக்காரர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஆராயி. முன்வரிசையில் தங்கராஜ், சலவைச் சட்டையில்.

தெருவிளக்கு, குடிநீர் எல்லாம் பேசி முடித்ததும் தலைவர் மைக்கில் சொன்னார்: "தேன்கல் பூங்கா சம்பந்தமா சைக்கிள் கிளப் சார்புல சிவரஞ்சனி ரெண்டு வார்த்தை பேசுவாங்க."

அவள் எழுந்து போனாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பாதைய இப்ப சைக்கிள்காரங்க நாங்க மட்டுந்தாங்க பயன்படுத்தறோம். அது நெசந்தான்."

தங்கராஜ் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஏன்னா மத்தவங்கள நடக்க விடாம தடுத்தது நாங்க. சந்தைக்குச் சுமை தூக்கிட்டு வந்த ஆராயியக்கா மேல நாங்கதான் மோதினோம். தப்பு எங்களோடது. ஆனா அதுக்கு அவங்க வழிய அடைச்சோம். போய் மன்னிப்புக் கேக்கல, மருந்து வாங்கித் தரல, போர்டு எழுதி வெச்சோம். இந்தத் தலைவர்கிட்டதான் அனுமதி வாங்கினோம். இப்ப அந்த போர்டக் காட்டித்தான் பூங்காவையே எடுக்கப் பாக்கறாங்க. எங்க மூணு பேருக்கு மட்டும் கேட்டத் தொறந்து விடறேன்னு மேனேஜர் சார் சொன்னாரு. எனக்கு அந்தப் பாதைன்னா உசுருங்க. ஆனா அப்படி வர்ற பாதை எனக்கு வேண்டாம். குத்தகைக்கு நான் ஆட்சேபணை பண்றேன். இது பொதுவழின்னு எழுதிக்கோங்க."

பந்தலில் சலசலப்பு எழுந்தது. தலைவர் தன் பெயர் வந்ததில் நெளிந்தார். தங்கராஜ் எழுந்து "இது தனிப்பட்ட விரோதமுங்க" என்று என்னவோ சொல்ல ஆரம்பித்தார், கேட்க ஆளில்லை. லோகேஷ் நேராகக் கடைசி வரிசைக்கு நடந்தான். அத்தனை பேர் முன்னால் ஆராயியின் எதிரே நின்று, "அக்கா, நாந்தான் இடிச்சேன். அப்பவே வந்திருக்கணும். மன்னிச்சிருங்க" என்றான். முதல் நாள்வரை ஒத்துக்கலாம் என்று சொன்னவன்தான் அவன்.

ஆராயி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"மைக்கு வெச்சுப் பேசறது, பந்தல்ல மன்னிப்புக் கேக்கறது எல்லாம் செரி. கேட்டு இன்னும் பூட்டித்தான கெடக்குது? ஞாயித்துக்கெழம காலைல கீழ்வாசலுக்கு வாங்க. அங்க பாக்கறேன் உங்க யோக்கியதைய."

பிறகு அவளே எழுந்து, "தலைவரே, வழி எங்களுக்கு வேணும். கைய தூக்கறவங்கள எண்ணிக்கோங்க" என்றாள். கடைசி வரிசை முழுவதும் கை தூக்கியது. பிறகு நடுவரிசை. வேலை கிடைக்கும் என்று வந்தவர்களில் பாதிப்பேரும் தூக்கினார்கள், சந்தைக்குப் போகாத வீடு அங்கே எது? பாதை பொதுவழி, அதை யாருக்கும் குத்தகைக்கு விடக்கூடாது என்று தீர்மானம் எழுதப்பட்டது.

தீர்மானம் எழுதிவிட்டால் பூட்டு தானாகத் திறந்துகொள்ளுமா? நம் ஊரில் அப்படி எந்தப் பூட்டும் திறந்ததாக யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மேலிடத்து உத்தரவு வரட்டும் என்றது கம்பெனி. மேலே போட்டதைப் போலவே புது கேட் போட்டிருந்த கீழ்வாசலும் ஞாயிற்றுக்கிழமை காலை பூட்டியே இருந்தது. கேட்டுக்கு உள்ளே, கோடை சீசனுக்கு வந்த பயணிகளை ஏற்றிக்கொண்டு, அதற்குள் அகலப்படுத்திவிட்ட பாதையில் மேலிருந்து இறங்கிய முதல் ஜீப் வெளியே வரக் காத்திருந்தது.

வெளியே தேன்கல்பட்டி முழுவதும் திரண்டிருந்தது. கூடைகள், மூட்டைகள், இரண்டு பலாப்பழத்தைக் கயிற்றில் கட்டித் தோளில் போட்ட ஒருவர். சைக்கிள்காரர்கள் மூவரும் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து, தாங்கள் வைத்த பலகையைத் தாங்களே பிடுங்கி ஓரமாகப் போட்டிருந்தார்கள்.

தங்கராஜ் கேட்டுக்கு உள்ளிருந்து நிலவரத்தைப் பார்த்தார். கெட்டிக்காரர். பூட்டைத் திறந்து, கேட்டை ஒரு சைக்கிள் நுழையும் அளவுக்கு மட்டும் விலக்கினார்.

"மேடம், நடந்தத விடுங்க. சைக்கிள்காரங்க மட்டும் உள்ள வாங்க. இவங்க விசயம் நாங்க தனியாப் பேசிக்கறோம்."

எல்லோரும் சிவரஞ்சனியைப் பார்த்தார்கள். ஆராயியும் பார்த்தாள். அந்த இடைவெளி வழியாகப் பாதையின் முதல் வளைவு தெரிந்தது. இரவு பெய்த கோடை மழையில் மண் நனைந்து, தூசி அடங்கி, ஓட்டுவதற்கு வருஷத்தில் ஒன்றிரண்டு நாள் மட்டுமே கிடைக்கும் பதத்தில் இருந்தது. அவளுக்கு அது நன்றாகவே தெரிந்தது.

அவள் சைக்கிளை அந்த இடைவெளியில் குறுக்கே படுக்க வைத்தாள். லோகேஷும் ஷெர்வினும் தங்கள் சைக்கிள்களை அதற்குப் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். பிறகு மூவரும் கேட்டுக்கு முன்னால் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். ஆராயி ஒரு கணம் நின்றாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு சிவரஞ்சனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நகந்து உக்காரு கண்ணு" என்றாள். அவளுக்குப் பின்னால் ஊரே உட்கார்ந்தது.

ஜீப் ஹார்ன் அடித்தது. பின்னால் இன்னொரு ஜீப் வந்து நின்று அதுவும் அடித்தது. பயணிகள் இறங்கி என்ன ஏது என்று கேட்க, பலாப்பழக்காரர் கம்பிக்கு வெளியே நின்றபடி அத்தனை கதையையும் சத்தமாகச் சொன்னார். கேட்டவர்களில் ஒரு அம்மாள், "வழிய அடைச்சுத்தான் எங்களுக்கு வேடிக்கை காட்றீங்களா?" என்று தங்கராஜையே பிடித்துக்கொண்டார். இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். தங்கராஜ் போனில் யாரையோ கூப்பிட்டார், மறுபக்கத்திலிருந்து வந்த பதில் அவருக்குப் பிடிக்கவில்லை போலிருந்தது. கடைசியில் கேட்டை முழுவதுமாகத் தள்ளித் திறந்தார்.

"இன்னைக்கு மட்டுந்தான்" என்றார் முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு.

"நாளைக்கும் வருவோம் சாமி. நாளான்னைக்கும் வருவோம். பூட்டுப் போட்டுப் போட்டு உங்க கைதான் நோவும்" என்று சொல்லிக்கொண்டே ஆராயி கூடையைத் தலைக்கு ஏற்றினாள்.

சுமைகள் முன்னால் ஏறின. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மூவரும் பின்னால் போனார்கள். சிவரஞ்சனி கேட்டைக் கடக்கும்போது தங்கராஜ் அவளை நிறுத்தினார். அவர் குரலில் இப்போது தந்திரம் இல்லை, நிஜமாகவே புரியாத குழப்பம்தான் இருந்தது.

"உங்களுக்குத்தான் நான் அப்பவே தொறந்து விடறேன்னு சொன்னனுங்களே மேடம். உங்களுக்கு வேண்டியது கெடைச்சிருக்குமே. அப்புறம் எதுக்குங்க இவங்களோட சேர்ந்து இத்தனை ரகளை?"

"நீங்க தொறந்தா நீங்களே ஒரு நாள் பூட்டுவீங்க, அதுக்குத்தான்" என்றாள் அவள். "எல்லாரும் நடக்கற வழிய யாராலயும் பூட்ட முடியாது. எங்களுக்கு மட்டும்னு நாங்க ஒரு தடவ கேட்டு வாங்கினோம் பாருங்க, அன்னைக்கே எங்க பாதைய நாங்களே உங்க கைல குடுத்துட்டோம். அடுத்தவங்களுக்கு நம்ம அடைக்கற வழி, நமக்கும் சேத்து அடைக்கற வழிதானுங்க. இனி இந்த மலையில எவன் வந்து, உனக்கு மட்டும்னு எதத் தந்தாலும், எங்க மூணு பேர் கையும் அதுக்கு நீளாது."